ஹயலுரோனிக் அமிலமும் கார்ல் மேயரும்: முகத்தில் போடப்படும் நிரப்பு ஊசியின் வரலாறு

கன்னத்தின் குழியை நிரப்பவும், உதட்டைச் சற்றுத் தடிக்கச் செய்யவும், மூக்கோரத்திலிருந்து வாயின் முனை வரை இறங்கும் கோட்டை மறைக்கவும் போடப்படும் ஊசியை மக்கள் ஃபில்லர் என்று அழைக்கின்றனர். தமிழில் நிரப்பு ஊசி எனலாம். இன்று போடப்படும் நிரப்பு ஊசிகளில் பெரும்பாலானவற்றில் அடங்கியிருக்கும் பொருள் ஹயலுரோனிக் அமிலம். ஒரு காலத்தில் பெருநகரங்களில் மட்டும் பேசப்பட்ட இவ்வூசியைப் பற்றி இப்போது கடலூரிலும் சிதம்பரத்திலும் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் கேட்கின்றனர். திருமண மாதங்களுக்கு முன் இக்கேள்வி சற்று அதிகமாகவே வருகிறது. பெரும்பாலும் கேட்பவர் மணப்பெண் அல்லர். உடன் வந்த தாயாரோ அத்தையோதான். அமிலம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டிய ஒன்று வேறு உண்டு. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அது என்ன என்பதை, இப்பொருளைக் கண்டறிந்த கார்ல் மேயரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். அவர் இதைத் தோலில் தேடவில்லை, கண்ணில் கண்டெடுத்தார். இவ்வூசியால் நேரக்கூடிய மிகக் கொடிய தீங்கும் கண்ணுக்குத்தான் நேர்கிறது.

கெர்பெனிலிருந்து நியூயார்க்கிற்கு

கார்ல் மேயர் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகிலுள்ள கெர்பெனில் பிறந்தார். 1917-இல், முதல் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், படையில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்தபின் கொலோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924-இல் பட்டம் பெற்றார். மேற்பயிற்சிக்காக பெர்லின் சென்றவரை அந்நகரின் ஆய்வகங்கள் ஈர்த்துக்கொண்டன. உயிர்வேதியியல் அப்போது இளந்துறை. நோயாளியைப் பார்ப்பதைவிட நோயின் வேதியியலைப் பார்ப்பதில் அவருக்கு நாட்டம் மிகுந்தது. 1927-இல் வேதியியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1930-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவரை பெர்க்லிக்கு அழைத்தது. அவர் அமெரிக்கா சென்ற சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியில் நாஜிகளின் ஆட்சி ஏற்பட்டது. பல அறிஞர்களைப் போல அவருக்கும் தாய்நாட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. வேலை தேடிய அவருக்கு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கு அவர் அமர்த்தப்பட்ட துறை கண் மருத்துவம். வேதியியலாளர் ஒருவருக்கு அது சற்றும் பொருந்தாத இடமாகத் தோன்றலாம். ஆயினும் நிரப்பு ஊசியின் கதை அந்தத் துறையில்தான் தொடங்குகிறது.

மாட்டுக் கண்ணில் கிடைத்த பொருள்

கோடையில் நுங்கைக் கிள்ளித் தின்றிருப்பீர்கள். நம் கண்விழியின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கண்ணாடி நீர்மமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே: தெளிவானது, வழவழப்பானது, ஓரளவு உருவம் கொண்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கும் மேல் வெறும் நீர். அவ்வளவு நீரும் ஒழுகிவிடாமல் கூழாக நிற்பது எப்படி?

மேயர் அப்போது லைசோசைம் என்னும் நொதியை ஆராய்ந்து வந்தார். கண்ணீரில் இருந்துகொண்டு கிருமிகளைச் சிதைக்கும் நொதி அது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக வழவழப்பான உடல் நீர்மங்கள் மீது அவர் கவனம் திரும்பியது. இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாடுகளின் கண்களிலிருந்து கண்ணாடி நீர்மத்தைச் சேகரித்து, அவரும் அவருடைய உடன் ஆய்வாளர் ஜான் பாமரும் அதிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தனர். 1934-இல் அதை வெளியிட்டனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அப்பொருளில் அடங்கிய யூரோனிக் அமிலம் என்னும் சர்க்கரை வகையின் பெயரையும் சேர்த்து ஹயலுரோனிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

ஆகவே அமிலம் என்பது இங்கு வேதியியலாரின் வகைப்பெயர் மட்டுமே. கழிப்பறை கழுவும் அமிலத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. உடலில் இது பெரும்பாலும் உப்பாகவே இருக்கிறது. மருந்துப் பெட்டியின் மேல் சோடியம் ஹயலுரோனேட் என்று அச்சிட்டிருந்தால் அதுவும் இதுவே.

பாதாம் பிசினை இரவில் ஊறவைத்து விடியலில் பார்த்தவர்களுக்கு இதன் தன்மையைச் சொல்லத் தேவையில்லை. ஒரு சிறு துண்டு, கிண்ணம் நிறைய நீரைப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கும். பிசினைப் போலவே ஹயலுரோனிக் அமிலமும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. நீரைப் பிடித்து வைப்பது அதன் இயல்பு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹயலுரோனிக் அமிலம் உள்ளது. அதில் பாதியளவு தோலில் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் சிதைத்துப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. வயது கூடும்போதும், வெயில் நெடுங்காலம் படும்போதும் தோலில் இதன் அளவும் தரமும் குறைகின்றன. தேவனாம்பட்டினக் கடற்கரையில் நாற்பது ஆண்டு வலை இழுத்தவரின் முகத்தையும், அலுவலகத்தில் அமர்ந்து பணி செய்த அவர் வயதினரின் முகத்தையும் ஒப்பிட்டால் வெயிலின் பங்கு தெரியும்.

கண்ணில் கண்ட பொருளை அடுத்த சில ஆண்டுகளில் மேயர் தொப்புள்கொடியிலும் மூட்டு நீரிலும் கண்டார். வேறு ஆய்வாளர்கள் தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறையிலும் அது இருப்பதை 1937-இல் காட்டினர். அதன் அமைப்பு முழுவதும் தெளிவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. இரண்டே வகைச் சர்க்கரைகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட சங்கிலி அது என்பதை 1954-இல் மேயரும் பெர்னார்டு வைஸ்மனும் நிறுவினர். கண்டுபிடிப்புக்கும் அமைப்பு தெளிவானதற்கும் இடையே 20 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவர் இத்தகைய வேறு சில சர்க்கரைச் சங்கிலிகளையும் குருத்தெலும்பிலிருந்தும் கருவிழியிலிருந்தும் பிரித்தெடுத்தார். உடலின் உறுப்புகளை இணைத்து நிறுத்தும் இணைப்புத் திசுவின் வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுவது இதனால்தான்.

இந்த அமைப்பில் நோயாளிக்கு ஒரு நன்மை உண்டு. மாட்டின் ஹயலுரோனிக் அமிலமும், சேவலின் கொண்டையிலுள்ளதும், கிருமியின் உறையிலுள்ளதும், உங்கள் கன்னத்தில் உள்ளதும் வேதியியலில் ஒன்றே. எனவே உடல் இதை அயலானாகக் கருதுவது அரிது. 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு முன்னதாகத் தோல் ஒவ்வாமைச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஹயலுரோனிக் அமில ஊசிக்கு வழக்கமாக அது தேவைப்படுவதில்லை. சைவ உணவினர் சிலர் இது விலங்கிலிருந்து எடுக்கப்பட்டதா என்று கேட்கின்றனர். இன்றைய நிரப்பு ஊசிகளுக்கான பொருள் பெரும்பாலும் தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்ணுயிரிகளைக் கொண்டே உண்டாக்கப்படுகிறது.

கரைக்கும் நொதி

மேயரின் வாழ்க்கையில் நோயாளிகள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1928-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் துரான் ரெனால்ஸ் என்னும் ஆய்வாளர் ஒரு புதுமையைக் கண்டார். விந்தகச் சாற்றைச் சேர்த்து ஊசி போட்டால், போட்ட பொருள் தோலில் வழக்கத்தைவிட வேகமாகவும் தொலைவாகவும் பரவியது. காரணம் தெரியாததால் அதற்குப் பரப்பும் காரணி என்றே பெயர் வழங்கியது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே காரணம் விளங்கியது. அந்தச் சாற்றில் இருந்தது ஹயலுரோனிக் அமிலத்தைச் சிதைக்கும் ஒரு நொதி. அதன் பெயர் ஹயலுரோனிடேஸ். தான் கண்டறிந்த பொருளைச் சிதைக்கும் இத்தகைய நொதிகளை ஆராய்வதில் மேயர் பல ஆண்டுகள் செலவிட்டார்.

நம் வட்டார மக்கள் இந்த நொதியைப் பெயர் அறியாமலே அறிவார்கள். நாகப்பாம்பின் நஞ்சிலும், தேனீயின் கொடுக்கிலும் இது இருக்கிறது. கடித்த இடத்தில் திசுவின் கூழை இது கரைத்து வழி திறந்துவிட, நஞ்சு பரவுகிறது.

அதே நொதி மருத்துவரின் கையில் மாற்று மருந்தாகிறது. ஹயலுரோனிக் அமிலம் தவறான இடத்தில் போடப்பட்டாலோ, கட்டியாகத் திரண்டாலோ, குருதிக் குழாயை அடைத்தாலோ ஹயலுரோனிடேஸ் ஊசி போட்டு அதைக் கரைக்க முடியும். சிலிக்கோன் போன்ற பிற பொருள்களுக்கு இவ்வாறு கரைக்கும் மருந்து இல்லை. ஆகையால் நிரப்பு ஊசி போடத்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டால், ஹயலுரோனிக் அமிலத்தைத் தேர்வதற்கு இதுவே வலுவான காரணம். ஆனால் அந்த மாற்று மருந்து ஊசி போடும் அறையிலேயே இருக்க வேண்டும். பக்கத்து ஊர் மருந்துக்கடையில் இருப்பதால் பயனில்லை. தேனீ, குளவி கொட்டிக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு இந்த நொதியும் ஒவ்வாமல் போகலாம் என்பதால், அச்செய்தியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவர் காணாத ஊசி

1956-இல் மேயருக்கு மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. 1967-இல் அவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டு கொலம்பியாவிலிருந்து யெஷிவா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, எழுபதை நெருங்கும் வயதிலும் ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் கண்டறிந்த பொருளை மருந்தாக்கும் முயற்சியில் முன்நின்றவர் ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஷ். 1942-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை ஒன்று வேடிக்கையானது: கேக் முதலிய பண்டங்களில் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு மாற்றாக ஹயலுரோனிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அவர் சேவல் கொண்டையிலிருந்து மிகத் தூய்மையாக இதைப் பிரித்தெடுத்தார். 1980-ஆம் ஆண்டளவில் அது கண்புரை அறுவைச் சிகிச்சையில் கண்ணின் உட்புறத்தைக் காக்கும் கூழாகப் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால், இக்கூழோ இதற்கு மாற்றான செல்லுலோஸ் கூழோ அவர் கண்ணில் சிறிது நேரம் இருந்திருக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் போடப்படும் கூழ் ஊசியும் இதே பொருள்தான். அதன் பயன் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை.

முகத்துக்கு வருவதற்கு ஒரு தடை இருந்தது. வெறும் ஹயலுரோனிக் அமிலத்தைத் தோலில் செலுத்தினால் உடல் அதைச் சில நாள்களில் சிதைத்துவிடும். கடலூர் துறைமுகத்தில் வலை பின்னுவதைப் பார்த்திருந்தால் இதற்குக் கண்ட தீர்வு புரியும். நூல்கள் தனித்தனியே கிடந்தால் எளிதில் பிரிந்து போகும்; முடிச்சிட்டால் வலையாக நிலைக்கும். அவ்வாறே சங்கிலிகளை வேதிப்பொருள் கொண்டு ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியான கூழாக்கினர். இக்கூழ் வகையைப் பொறுத்து 6 மாதம் முதல் 18 மாதம் வரை நிற்கிறது. முடிச்சு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கெட்டி. உதட்டுக்கு மென்மையான கூழும் கன்னத்துக்குக் கெட்டியான கூழும் தேவைப்படுவது அதனால்தான். ஸ்வீடனில் உருவான இத்தகைய முதல் முக ஊசி 1996-இல் ஐரோப்பாவிலும், 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

மேயர் 1990-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் தமது 90-ஆம் வயதில் காலமானார். தம் கண்டுபிடிப்பு உதட்டுக்கும் கன்னத்துக்கும் போடப்பட்டதை அவர் காணவில்லை.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து

முகத்தின் குருதிக் குழாய்கள் தனித்தனியே ஓடுவதில்லை. மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகியவற்றின் தமனிகள் கண்ணுக்குக் குருதி தரும் தமனியோடு இணைந்துள்ளன. ஊசி முனை ஒரு தமனிக்குள் புகுந்து, அழுத்தத்தோடு கூழ் செலுத்தப்பட்டால், அது குருதி ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிச் சென்று விழித்திரையின் தமனியை அடைக்கக்கூடும். அடைந்தால் அக்கண்ணின் பார்வை உடனே போகும். இது அரிதாக நிகழ்வது. ஆனால் நிகழ்ந்தபின் பார்வை மீள்வது அதைவிட அரிது. மூக்கின் மேற்பகுதியிலும் புருவங்களுக்கு இடையிலும் போடும் ஊசியில் இவ்வாபத்து மிகுதி. மூக்கை எடுப்பாக்க அரைமணி நேரம் போதும் என்று எவரேனும் சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கண்ணுக்குப் போகாமல் தோலின் தமனியை மட்டும் அடைத்தால் அந்த இடத்துத் தோல் குருதியின்றி அழுகும். ஊசி போட்டவுடனோ சில மணி நேரத்திலோ தோல் வெளுத்துப்போகும், அல்லது வலைப்பின்னல் போல் நீலமும் சிவப்பும் கலந்து தோன்றும். வலி மிகும். சில ஊசிகளில் மரப்பு மருந்து கலந்திருப்பதால் தொடக்கத்தில் வலி தெரியாமலும் இருக்கலாம். வலி இல்லை என்பதற்காக நிறமாற்றத்தைப் புறக்கணிக்க வேண்டாம். இந்நிலையில் ஹயலுரோனிடேஸ் உரிய காலத்தில் போடப்பட்டால் தோலைக் காப்பாற்ற முடியும். ஊசி போட்ட இடத்தில் இலேசான வீக்கமும் கன்றிய நிறமும் சில நாள் இருப்பது இயல்பு; உதட்டில் அது சற்று அதிகமாகத் தெரியும்.

அழகு நிலையங்களில் ஊசியின்றி அழுத்தத்தால் கூழைச் செலுத்தும் பேனா போன்ற கருவிகளும் புழக்கத்தில் உள்ளன. ஊசி இல்லாததால் பாதுகாப்பானது என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் இக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. இணையத்தில் கூழை வாங்கித் தமக்குத் தாமே போட்டுக்கொள்வோரும் உள்ளனர். தமனி எங்கே ஓடுகிறது என்பது கண்ணாடியில் தெரியாது.

போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா, தோல் மருத்துவத்திலோ ஒட்டுறுப்பு அறுவை மருத்துவத்திலோ பயிற்சி உடையவரா என்று கேட்பது உங்கள் உரிமை. மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லலாம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். ஹயலுரோனிடேஸ் இங்கே இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். தயங்கி விடை சொல்லும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். போடாக்ஸ் என்பது தசையைத் தளர்த்தும் வேறு மருந்து; தோலை வெளுப்பாக்குவதாகச் சொல்லப்படும் ஊசிகள் முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே பெயரில் விற்கும் இடங்களும் உண்டு என்பதால், எதைப் போடுகிறார்கள் என்று கேட்டு, முத்திரை உடைக்கப்படாத பெட்டியைப் பார்த்து, அதன் தொகுதி எண் ஒட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் சிக்கல் ஏற்பட்டால் எந்தக் கூழ் என்று அறிய அந்தச் சிறு தாள் உதவும்.

கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வூசியைத் தள்ளிவைக்க வேண்டும். முகத்தில் சீழ்க்கட்டி, அக்கிப்புண் போன்ற தொற்று இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குருதி உறையாமைக்கான மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்திவிட்டு வரக்கூடாது. இதய நோயாளிக்கு அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல்முறையாகப் போட்டுக்கொள்வது எவ்வகையிலும் உகந்ததன்று. நோயால் கன்னம் வற்றியவர்கள், விபத்துத் தழும்பு உடையவர்கள், ஒரு பக்க முகம் மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இவ்வூசி உண்மையான பயன் தரக்கூடும். அவர்கள் கூச்சப்படாமல் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலை நகரில் முன்பு இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்றிருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கன்னத்தில் நிரப்புவதற்கு ஏதுமில்லை என்பது இம்மருத்துவ அலுவலரின் கருத்து. அதைக் கேட்ட தாய்மார்கள் சிலர் வருத்தத்தோடும் பலர் நிம்மதியோடும் எழுந்து சென்றிருக்கின்றனர்.

ஊசி போட்ட பின் பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கண்ணில் கடும் வலி எழுந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ஐஸ் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்ட மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, 108 ஊர்தியை அழைத்து, கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும்போது அந்தத் தொகுதி எண் ஒட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.